அக்காவுக்கு மறுமணம், அவரு ஆர்சி (ரோமன் கத்தோலிக்) நாங்க இந்து, சர்ச்சா ரிஜிஸ்டர் ஆபீஸா?

திருமங்கலத்தான்:
வணக்கம். அக்காவுக்கு 36 வயசு, மாமா ஹார்ட் அட்டாக்ல தவறி நாலு வருசமாச்சு, பையன் அஞ்சாவது படிக்கிறான். கூட வேலை பாக்குற புதூர்க்காரரு ஒருத்தரு, ஆர்சி, கோர்ட்ல விவாகரத்து ஆனவரு, கட்டிக்கிறேன்னு வீட்டுக்கே வந்து கேட்டாரு. அக்கா தெனமும் மல்லிப்பூ வாங்கும், மாமா போட்டோவுக்கு போடும், தலையில மட்டும் வைக்காது, அவரு வந்துட்டுப் போன அன்னைக்கு ஒரு துண்டு கிள்ளி வச்சுக்கிச்சு, அதப் பாத்துத்தான் அம்மாவே சரின்னுச்சு. இப்ப அவரு அம்மா சர்ச்சுலதான் கல்யாணம், பொண்ணு ஞானஸ்நானம் எடுக்கணும்ங்கிறாங்க. மாமா வீட்டுலயோ சொத்துல பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டுப் போன்னு நிக்கிறாங்க. என்ன பண்றது?

புதூர் அக்கா:
தம்பி, நாங்களும் ஆர்சிதான். அவரு முத கல்யாணம் கோயில்ல, அதாவது சர்ச்சுல, நடந்திருந்தா உங்க அக்கா ஞானஸ்நானம் எடுத்தாலும் இப்ப கோயில்ல வைக்க மாட்டாங்க. கோர்ட் டைவர்ஸ் ஃபாதருக்கு செல்லாது, மறைமாவட்டத்துல மனு போட்டு அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு தீர்ப்பு வாங்கணும், அது லேசுல முடியாது. அது கெடச்சிட்டா அக்கா இந்துவாவே இருந்து, பிஷப் அனுமதியோட கோயில்ல கட்டிக்கலாம். அதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர் பண்ணா அவரு நன்மை (பூசையில குடுக்குற அப்பம்) வாங்க முடியாது, அந்தம்மாவுக்கு அதுதான் வலிக்கும், இப்பவே உக்காந்து பேசிருங்க.

மேலூர் பத்திரக்காரன்:
கையெழுத்து மட்டும் போட்டுறாதீங்க!! மறுமணம் பண்ணா புருஷன் சொத்து போயிரும்ங்கிறது ஊருக்கதை. மாமா சொந்தமா வாங்குன சொத்து, உயில் எதுவும் எழுதலன்னா, அக்கா, பையன், மாமாவோட அம்மா மூணு பேருக்கும் சம பங்கு, அவரு இறந்த அன்னைக்கே அது வந்தாச்சு, இனி யாரக் கட்டுனாலும் போகாது. பூர்வீகம்னா கணக்கு வேற, வக்கீலப் பாருங்க. மைனர் பங்க கோர்ட் பெர்மிஷன் இல்லாம அக்கா எழுதிக் குடுக்கவும் கூடாது.

கல்யாணத்துக்கு 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கு, யாரும் மதம் மாற வேணாம். நோட்டீஸ் குடுத்து 30 நாள் பொறுக்கணும், ஆபீஸ் போர்டுல ஒட்டுவாங்க, சொந்தக்காரன் கண்ணுல படத்தான் செய்யும், ஆனா பிடிக்கலைன்னு குடுக்குற ஆட்சேபம் நிக்காது. மூணு சாட்சி, மாமா இறப்புச் சான்று, அவரு டைவர்ஸ் தீர்ப்பு நகல் ரெடி பண்ணுங்க, அப்பீல் டைம் முடிஞ்சிருச்சான்னு பாத்துக்கங்க. மாமா கவர்மெண்ட் வேலையா? அப்பிடின்னா குடும்ப பென்ஷன் அக்காவுக்கு நின்னுரும், பையன் பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும்.

உசிலம்பட்டி மச்சான்:
எல்லாம் சரிப்பா, நம்ம சனத்துலயே மாப்ள கெடைக்கலயா? நாளைக்கு சொந்தபந்தம் மூஞ்சில எப்படி முழிப்பீங்க

புதூர் அக்கா:
நாலு வருசமா அந்தச் சனம் எட்டிக்கூட பாத்திருக்காது, இப்ப மட்டும் மூஞ்சி ஞாபகம் வருது பாருங்க.

திருமங்கலத்தான்:
நன்றிக்கா, நன்றிண்ணே. மாமா பிரைவேட் கம்பெனிதான். முத கல்யாணம் கோயில்லதான் நடந்துச்சாம், ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு அவரு அம்மாவப் பாக்கப் போறோம். இன்னொண்ணு, பையன் ஸ்கூல்ல அப்பா பேரு, இனிஷியல் எல்லாம் மாத்தணுமா? அவன் அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கான்.

மேலூர் பத்திரக்காரன்:
வேணாம், மாத்தச் சொல்லி எந்தச் சட்டமும் இல்ல. அப்பா பேரே இருக்கட்டும், அவன்கிட்ட இன்னைக்கே சொல்லிருங்க.