காதுல மெஷின், கையில பி.காம்: லண்டன்ல வேலை எங்க தேடறது?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் பென்னாகரம். தர்மபுரியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தேன். வீட்டுக்காரர் வேலை விசா, நான் டிபெண்டன்ட். ரெண்டு காதுலயும் மெஷின். மாமியார் "யார்கிட்டயும் சொல்லாதே, வேலை தரமாட்டாங்க"ங்கிறாங்க. நம்ம ஊர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இங்க செல்லுமா?

பதில்: நானும் பாலக்கோடுதான்மா, கால்ல காலிப்பர். மாமியார் ஊர்ல பார்த்ததை வெச்சுச் சொல்றாங்க, அவங்க மேல தப்பில்ல. ஆனா இங்க மறைச்சா நஷ்டம் உனக்குத்தான்.

அட்டை தேவைப்படாது. ஊர்ல குறைபாடு 40 சதவீதம்னு டாக்டர் எழுதணும். இங்க 2010 சமத்துவச் சட்டத்துல சதவீதக் கணக்கே இல்ல. அன்றாட வாழ்க்கையைக் கணிசமா பாதிக்குதா, 12 மாசமாவது நீடிக்குமா, அவ்வளவுதான். அதையும் மெஷின் இல்லாம உனக்கு எப்படிக் கேட்கும்னு வெச்சுத்தான் பார்ப்பாங்க. "மெஷின் போட்டா கேக்குதே"ன்னு தட்டிக்கழிக்க முடியாது.

ஈவன்பிரேக்னு ஒரு வேலை தேடற இணையதளம், 2011ல ஆரம்பிச்சது, மாற்றுத்திறனாளிகளுக்காகவே. வேலை தேடறவங்களுக்குக் காசு கிடையாது. முதல்ல அங்க பதிவு பண்ணு. அரசாங்கத்தோட 'ஃபைண்ட் எ ஜாப்' தளத்துல 'டிசபிலிட்டி கான்ஃபிடென்ட்' கம்பெனிகளை மட்டும் தனியா எடுத்துப் பார்க்கலாம். குறைந்தபட்சத் தகுதி இருக்கிற மாற்றுத்திறனாளியை இன்டர்வியூவுக்குக் கூப்பிடறோம்னு ஒத்துக்கிட்டவங்க அவங்க. ஆனா அந்த முத்திரையை மட்டும் நம்பிடாதே. மொத்தம் மூணு படி. முதல் ரெண்டும் கம்பெனி தானே தன்னைப் பத்திச் சொல்லிக்கிறது. மூணாவது, 'லீடர்'தான் வெளியாள் சரிபார்த்தது. அவங்களுக்கு முதல்ல அப்ளை பண்ணு.

விண்ணப்பத்துல "இன்டர்வியூவுக்கு ஏதாவது வசதி வேண்டுமா?"ன்னு ஒரு கட்டம் வரும். நிறைய பேர் பயந்து காலியா விட்டுடறாங்க. நீ இப்படி நிரப்பு: "காது கேட்கும் கருவி பயன்படுத்துகிறேன். வீடியோ அழைப்பில் பேசுவது எழுத்தாக ஓட வேண்டும். பேசுபவர் முகம் தெரிய வேண்டும். கேள்விகளை சாட்டிலும் போடுங்கள்." வியாதிக் கதை ஒரு வரி கூட வேண்டாம்.

வேலை கிடைச்சதும் அரசாங்கத்தோட 'ஆக்செஸ் டு வொர்க்' மானியத்துக்கு எழுதிப் போடு. குறிப்பு எடுக்க ஆள், விசேஷக் கருவி, பஸ் ரயில்ல போக முடியாதவங்களுக்கு டாக்ஸி செலவு, எல்லாம் அதுல வரும். திருப்பிக் கட்ட வேண்டியதில்ல. இன்டர்வியூவுக்கே உதவியாளர் வேணும்னாலும் தனியா கேட்கலாம். விசாவுல 'பொது நிதி கிடையாது'ன்னு போட்டிருக்கும். அதாவது சில அரசாங்க உதவிகளை வாங்கக் கூடாது. பிப்ங்கிற மாற்றுத்திறனாளி உதவித்தொகை அந்தத் தடைப் பட்டியல்ல வரும், அதைத் தொடாதே. ஆக்செஸ் டு வொர்க் அந்தப் பட்டியல்லயே இல்ல.

வேலை வாங்கித் தர்றேன்னு ஏஜென்சி பணம் கேட்டா அப்பவே விலகிடு. அலுவலக வேலைக்கு அப்படி வாங்கறது இங்க சட்டப்படி தப்பு.

ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி மட்டும்தானா, இல்ல ஜி.எஸ்.டி.யும் பார்த்தியா? அதை எழுதும்மா. எந்த மாதிரி வேலைக்குப் போடலாம்னு அப்புறம் சொல்றேன்.