இரவில் ஓடும் இன்வாய்ஸ் பாட் பாதியில் நிற்கிறது, திரும்ப ஓட்டினால் இரட்டைப் பதிவு

கேள்வி: வரவுசெலவு

வெண்டர்கள் மெயிலில் அனுப்பும் பிடிஎஃப் இன்வாய்ஸ்களைப் படித்து எக்செலில் வரிசையாக எழுதி, அங்கிருந்து கணக்கு மென்பொருளில் பதிகிற பாட் (மனிதர் செய்யும் க்ளிக்குகளைத் தானாகச் செய்யும் நிரல்). அதை உருவாக்கிய கருவி யூஐபாத். ஒரு இரவுக்கு 200 இன்வாய்ஸ் வரை வரும். பகலில் ஆள் பக்கத்தில் இருந்து ஓட்டினால் சரியாக முடிகிறது. இரவில் தானாக ஓடும்போது எங்காவது நின்றுவிடுகிறது. காலையில் மறுபடி ஓட்டினால் முன்பே பதிந்தவையும் இன்னொரு தடவை ஏறிவிடுகின்றன. ஒவ்வொரு க்ளிக்குக்கும் முன் 5 விநாடி டிலே வைத்தும் பலனில்லை. ஒரே லூப், அதைச் சுற்றி ஒரு ட்ரை கேட்ச் (பிழையைப் பிடிக்கும் பகுதி), இவ்வளவுதான் அமைப்பு. எங்கிருந்து சரிசெய்ய?

பதில்: க்யூக்காரன்

இரட்டைப் பதிவை முதலில் தடுத்து நிறுத்துங்கள். பாட் நின்றால் வேலைதான் தாமதமாகும்; ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போனால் அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

பாட்டை இரண்டாகப் பிரியுங்கள். முதலாவது மெயிலைப் படித்து, ஒரு இன்வாய்ஸுக்கு ஒரு ஐட்டம் என்று ஆர்க்கெஸ்ட்ரேட்டர் (பாட்களை நிர்வகிக்கும் யூஐபாத் தளம்) க்யூவில், அதாவது வேலை வரிசையில், போடுவதோடு சரி. இரண்டாவது பாட், அந்த க்யூவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதியும். ஐட்டத்தை அடையாளம் காட்டும் ரெஃபரன்ஸாக வெண்டர் கோடையும் இன்வாய்ஸ் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். க்யூவை உருவாக்கும்போதே யுனிக் ரெஃபரன்ஸ் கட்டாயம் என்று வைத்துவிட்டால், அதே பில் மறுபடி மெயிலில் வந்தாலும் உள்ளே நுழையாது. இன்வாய்ஸ் எண்ணை மட்டும் ரெஃபரன்ஸாக வைக்காதீர்கள். இரண்டு வெண்டர்களுக்கு ஒரே எண் வருவது சகஜம்.

இதோடு ஆபத்து தீரவில்லை. சேவ் பட்டனை அழுத்திய பிறகு, "பதிவானது" என்ற செய்தி வருவதற்குள் டைம் அவுட் ஆனால், மென்பொருளில் பில் ஏறியிருக்கும், பாட்டின் கணக்கில் அது தோல்வி. ரீட்ரை (மறுமுயற்சி) வந்ததும் இரண்டாம் முறை பதியும். ஆகவே ஒவ்வொரு ஐட்டத்தின் முதல் படியும் தேடலாக இருக்க வேண்டும்: அந்த வெண்டருக்கு அந்த எண்ணில் பில் இருக்கிறதா? இருந்தால் தொகையை ஒப்பிட்டு, பொருந்தினால் வெற்றி என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். பொருந்தாவிட்டால் மனிதர் பார்க்கட்டும்.

பிழைகளையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஸ்கிரீன் வராதது, மென்பொருள் தொங்கியது எல்லாம் சிஸ்டம் எக்செப்ஷன். மென்பொருளை மூடித் திறந்து 2 முறை ரீட்ரை போதும். கூட்டுத்தொகை பொருந்தவில்லை, வெண்டர் கோடு இல்லை என்றால் பிசினஸ் எக்செப்ஷன். எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான், ரீட்ரை வேண்டாம். யூஐபாத்தோடு வரும் ரீஃப்ரேம்வொர்க் டெம்ப்ளேட்டில் இந்தப் பிரிவினை தயாராகவே இருக்கிறது.

இன்னொன்று: பாட் அப்படியே செத்துப்போனால் அது கையில் வைத்திருந்த ஐட்டம் 'இன் ப்ராக்ரஸ்' (நடந்துகொண்டிருக்கிறது) நிலையிலேயே கிடந்து, சுமார் 24 மணி நேரம் கழித்து 'அபாண்டன்ட்' (கைவிடப்பட்டது) ஆகும். அதற்கு ரீட்ரை தானாக நடக்காது. தினமும் அந்தப் பட்டியலை ஒருவர் பார்க்க வேண்டும்.

பதில்: செலக்டர்

பகலில் ஓடி இரவில் நிற்கிறது என்றால் டிலேயைச் சந்தேகிக்காதீர்கள், பாட் லாகின் ஆகி ஓடும் செஷனைப் பாருங்கள். இரவில் திறக்கும் விண்டோஸ் செஷனின் ரெசல்யூஷன் வேறாக இருக்கும். ஸ்கிரீன் சுருங்கினால் பட்டன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும். படத்தை வைத்துத் தேடும் க்ளிக்குகள் அத்தனையும் தவறும். ரோபோ செட்டிங்கில் அகலம், உயரம் இரண்டையும் பாட்டை உருவாக்கிய மெஷினில் உள்ளபடியே கொடுங்கள்.

செலக்டரில் (எந்தப் பட்டன், எந்தக் கட்டம் என்று பாட்டுக்கு அடையாளம் காட்டும் குறிப்பு) ஜன்னல் தலைப்பைப் படியுங்கள். தேதியோ யூசர் பெயரோ அதில் ஒட்டியிருந்தால் மறுநாளே உடையும். அந்த இடத்தில் 'எது வந்தாலும் பொருந்தும்' என்ற பொருளில் நட்சத்திரக்குறி (*) போடுங்கள். ஐடிஎக்ஸ் மதிப்பை (ஒரே மாதிரியானவற்றில் எத்தனையாவது என்ற எண்) நம்பி நிற்கும் செலக்டரும் அப்படித்தான்: ஒரு பாப்அப் கூடுதலாக வந்தால் எண்ணிக்கை மாறி வேறு கட்டத்தில் எழுதிவிடும். பிழையும் காட்டாது.

5 விநாடி டிலேக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடுத்த எலிமென்ட் (பட்டன், கட்டம் போன்றது) தோன்றும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள், உச்ச வரம்பு 30 விநாடி. பிழை வரும் கணத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் படியையும் சேருங்கள்.

பதில்: கட்டம்

நடுவில் எக்செல் எதற்கு? பொது ஃபார்மட்டில் உள்ள செல்லில் 00457 என்று எழுதினால் 457 ஆகும். எக்செல் எண்ணாகக் காப்பது 15 இலக்கங்கள்தான். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். க்யூ ஐட்டத்திலேயே எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரோபோ கணக்கின் ரீஜனல் செட்டிங்கையும் பாருங்கள். உங்கள் லாகினில் 03/04 ஏப்ரல் 3 ஆக இருந்து, ரோபோ லாகினில் மார்ச் 4 ஆகலாம். தேதி வடிவத்தைப் பாட்டின் நிரலிலேயே குறிப்பிட்டுப் படியுங்கள்.

வரவுசெலவு

நன்றி. கணக்கு மென்பொருளில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வரிகள் கொண்ட ஃபைல்) இம்போர்ட் வசதி இருக்கிறது. ஸ்கிரீனில் பதிவதை அடியோடு கைவிடலாமா?

பதில்: க்யூக்காரன்

தாராளமாக. இம்போர்ட்டோ ஏபிஐயோ (மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி) இருக்கும் இடத்தில் க்ளிக் தேவையில்லை. ஆனால் சோதித்துப் பாருங்கள்: 50 வரிகளில் ஒன்று தவறானால் மென்பொருள் ஃபைல் முழுவதையும் நிராகரிக்கிறதா, அந்த வரியை மட்டும் விடுகிறதா? வரியை மட்டும் விடுமானால், இம்போர்ட் முடிந்ததும் ஒவ்வொரு பில்லையும் தேடிப் பார்த்த பிறகே க்யூவில் வெற்றி என்று குறிக்க வேண்டும்.