மறு: மறைதொற்றா, உறங்குதொற்றா?

அனைவருக்கும் வணக்கம். கிருமி உடலுக்குள் செயலற்று ஒளிந்திருக்கும் நிலையை ஆங்கிலத்தில் latent infection என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'உறங்குதொற்று' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அதற்கு வந்த மறுப்பு இது:

> 'மறைதொற்று' போதுமே. படித்தவுடன் புரிகிறது.

புரிகிறதுதான் ஐயா. ஆனால் இரண்டு வேறு நிலைகள் ஒன்றாகப் புரிந்துவிடுகின்றன.

கோமாரியைப் பாருங்கள். தடுப்பூசி போட்ட மாட்டுக்கு வாயில் கொப்புளமோ குளம்பில் புண்ணோ வராமல் போகலாம். ஆனாலும் வைரஸ் தொண்டைக்குள் தங்கிவிடக்கூடும். 28 நாளுக்குப் பிறகும் அங்கே உயிருள்ள வைரஸ் கிடைத்தால் அந்த மாடு நோய்க்காவி, அதாவது கிருமியைச் சுமந்து திரிவது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் வைரஸ் உள்ளே பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

மாடுகளின் மூச்சுப்பாதையைத் தாக்கும் மாட்டு ஹெர்ப்பிஸ் வைரஸ்-1 அப்படியல்ல. மூக்கு வழியாக நுழைந்து, முக்கிளை நரம்பின் முடிச்சுக்குப் போய், அங்கே வெறும் மரபுப்பொருளாகக் கிடக்கும். புதிய வைரஸ் உருவாவதில்லை. அந்த நாட்களில் மூக்குச் சளியை எடுத்துச் சோதித்தாலும் அகப்படாது. கன்று ஈனும் சமயத்திலோ, லாரியில் நெடுந்தூரம் ஏற்றிப்போன பிறகோ, ஸ்டீராய்டு ஊசி போட்டாலோ விழித்தெழுந்து மூக்கு வழியே வெளியேறிப் பக்கத்து மாட்டைத் தொற்றும். தடுப்பூசி அந்த வெளியேற்றத்தைக் குறைக்கும். ஏற்கெனவே நரம்பில் கிடப்பதை அகற்றாது. இதையும் மறைதொற்று என்று எழுதிவிட்டால், சளியில் இல்லை என்ற முடிவைப் பார்த்தவர் மாட்டை நம்பி மந்தையில் சேர்த்துவிடுவார். என் கவலை அதுதான்.

'உள்ளுறைதொற்று' என்று முதலில் நானே எழுதிப் பார்த்தேன். latent heat என்பதற்கு உள்ளுறை வெப்பம் வழக்கில் இருக்கிறதே என்ற துணிவு. ஆனால் உடலுக்குள் உறையாத தொற்று ஏது? 'நீறுபூத்த தொற்று' என்று ஒருவர் சொன்னது அழகு. ஆனால் நீறுபூத்த நெருப்பு அணையவில்லை, அடியில் கனன்றுகொண்டிருக்கிறது. அந்த உவமை கோமாரிக்கே பொருந்தும்.

ஆகவே ஹெர்ப்பிஸுக்கு 'உறங்குதொற்று', கோமாரிக்குத் 'தங்குதொற்று' என்பது என் முன்மொழிவு. விதை உறக்கம் என்ற சொல் வேளாண்மையில் ஏற்கெனவே உண்டு. உறக்கம் கலைந்தால் முளைக்கும் என்பது மாடு வளர்ப்பவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. உறங்குநிலை, மீள்விழிப்பு என்று மற்றச் சொற்களும் இதிலிருந்தே கிளைக்கும்.

இன்னொன்று பாக்கி. வைரஸின் 'ஜிஇ' என்ற புரதத்தை நீக்கிச் செய்த தடுப்பூசி இந்த ஹெர்ப்பிஸுக்கு உண்டு. அதை மட்டுமே போட்ட மாட்டின் இரத்தத்தில் ஜிஇ எதிர்ப்பொருள் தென்பட்டால், தடுப்பூசியால் வந்ததல்ல, வெளி வைரஸ் தொற்றியிருக்கிறது என்று பொருள். 'பிரித்தறி தடுப்பூசி' என்று எழுதி வைத்திருக்கிறேன். கால்நடை மருத்துவர்கள் பேச்சில் இதற்கு வேறு சொல் இருக்கிறதா?