ஏற்காட்டு ஒத்தையடிப் பாதைகளுக்குப் போர்டு வைக்கலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போனால் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவிலும் வரிசை கட்டி நிற்கும் கார்கள். அந்த மலையில் நடப்பதற்கு எத்தனை நல்ல பாதைகள் இருக்கின்றன! நாகலூர் பக்கம் சில்வர் ஓக் நிழலில் போகும் வழிகள், குப்பனூர் பக்கத்துச் சரிவுகள். கற்களில் அம்புக்குறி போட்டு, முக்கில் ஒரு போர்டு வைத்து, கூகுள் மேப்பில் ஏற்றினால் என்ன? நடக்க ஆள் இல்லாத பாதையை உண்ணிச்செடி மூடிவிடும்.

மலைமேல் வீடு:
நடக்க ஆள் இல்லை என்று யார் சொன்னது அண்ணா? ரேஷன் கடைக்கும், பஸ்ஸுக்கும், எஸ்டேட் வேலைக்கும் நாங்கள் அதில்தானே போகிறோம். உண்ணிச்செடியை வெட்டுவதும் நாங்கள்தான், கூலி யாரும் தருவதில்லை. மேப்பில் ஏற்றினால் முதலில் வருவது நடக்கிறவர்கள் இல்லை, பைக். ஒரு மழைக்காலத்தில் டயர் ஏறினால் மண் பாதை வாய்க்கால் ஆகிவிடும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் மூட்டையோடு இறங்குகிறவர்கள், செல்பி எடுப்பவர்களுக்காக ஒதுங்கி நிற்க வேண்டும். காட்டெருமை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று எங்களுக்குக் காலையிலேயே தெரிந்துவிடும். உங்கள் போர்டுக்குத் தெரியுமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
நியாயம்தான். ஆனால் இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? டூரிஸ்ட் காசு முழுக்க ரிசார்ட்டுக்கும் ஏரியைச் சுற்றியிருக்கும் கடைகளுக்கும் போகிறது. நடக்கிறவன் வந்தால் உங்கள் ஊரில் டீ குடிப்பான், மிளகு வாங்குவான். 2024 அக்டோபரில் அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டதே.

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்:
திறந்தார்கள் சரி, எப்படித் திறந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். முன்பதிவு, கட்டணம், கூடவே பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. தீப்பிடிக்கும் கோடையில் மூடவும் செய்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணி காட்டுத் தீயில், மலையேறப் போன 20 பேருக்கு மேல் செத்த பிறகுதான் இந்தக் கட்டுப்பாடெல்லாம் வந்தது. வனத்துறையின் காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே வழக்கு. எஸ்டேட் வழி இன்னும் சிக்கல். ஊர்க்காரர் தலைமுறையாக நடப்பதை முதலாளி பொறுத்துக்கொள்கிறார். அதற்காகச் சேலத்திலிருந்து வரும் எல்லாருக்கும் உரிமை வந்துவிடாது. நீங்கள் போர்டு வைத்த மறுநாள் அவர் கேட்டைப் பூட்டினால், நஷ்டம் உங்களுக்கா, ரேஷன் கடைக்குப் போகிறவர்களுக்கா?

தட்டுவடை செட்:
பூட்டுவார்கள். பூட்டியும் இருக்கிறார்கள். எங்கே என்று இங்கே எழுதினால் நாளைக்கே பைக் கூட்டம் கிளம்பும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்படியானால் மலையைப் பார்க்க நாங்கள் கார் கண்ணாடிதான் கதியா? பிளாஸ்டிக் பொறுக்க வரச் சொன்னால் மட்டும் எங்களைக் கூப்பிடுகிறீர்கள்.

மலைமேல் வீடு:
கோபப்படாதீர்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஊரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்கிறேன். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு, அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்துவிட்டு நடங்கள். எங்கள் பெரியப்பாவோடு நடந்தால் எந்த மரத்தில் தேன், எந்த ஊற்று வெயிலிலும் வற்றாது என்பதெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார். அம்புக்குறி அதைச் சொல்லாது.

செவ்வாய்ப்பேட்டை வக்கீல்:
கிராம சபையில் வையுங்கள். மே 1 அன்று கூடும். எந்தப் பாதை, எந்த மாதம், ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு என்று ஊரே தீர்மானம் போடட்டும். எஸ்டேட், காப்புக்காடு என்றால் தனித்தனியே அனுமதி வாங்கத்தான் வேண்டும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஊர் வேண்டாம் என்று சொன்னால்?

மலைமேல் வீடு:
சொன்னால் சொன்னதுதான். ஓட்டுப் போடுவது ஊர்க்காரர்கள், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் அதே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. சுற்றுக் கிராமத்து ஜனமெல்லாம் வரும், அதற்குள் புதர் வெட்டியாக வேண்டும். நீங்களும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வெட்டுக்கத்தியோடு வந்தால், சபையில் உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
வருகிறேன். மேப் விஷயத்தை மட்டும் நான் இன்னும் விடவில்லை.

மலைமேல் வீடு:
நானும்தான். கையுறை கொண்டுவாருங்கள், உண்ணிச்செடி முள் கையைக் கிழித்துவிடும்.