பதில்: பின்னலில் ‘கேஜ்’ என்பதற்குக் கண்ணிச்செறிவு பொருந்துமா?

ஆச்சிக்கும் தம்பிக்கும் வணக்கம். பின்னிய துணியில் குறிப்பிட்ட அகலத்துக்கு எத்தனை கண்ணி (ஊசியில் போடும் வளையம்) வருகிறது என்பதைப் பின்னல்காரர்கள் ‘கேஜ்’ என்கிறார்கள். அதற்கு நம் சொல் பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதான் கேள்வி.

> காரைக்குடித் தறிக்காரர்களிடம் ‘அச்சு’ என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு ஒன்று?

தம்பி, கண்டாங்கி நெய்யும் தறியில் அச்சு என்பது சீப்புபோல் பல் வைத்த பாகம்; நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை அதன் பற்களுக்கு இடையில் கோத்துவிடுகிறார்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. தறியில் உட்காருபவர் மாறினாலும் சேலையின் அகலம் பெரிதாக மாறாது. இரண்டு ஊசி வைத்துப் பின்னும்போது அப்படிப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. அதே ஊசி, அதே நூலில் அக்கா பின்னினால் 10 செ.மீ.க்கு 20 கண்ணி வரும். தங்கைக்குக் கை இறுக்கம், 22 வரும். அங்கே கருவி முடிவு செய்வதை இங்கே கை முடிவு செய்கிறது. அச்சு என்று பெயர் வைத்தால் ஊசியை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று ஆகிவிடும்.

‘மானி’யும் சரிவராது, அது கருவியின் பெயர். ‘கேஜ்’ என்றே விட்டுவிடலாம் என்றால், காரைக்குடிக்காரர்களுக்கு மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாக மாறிய திருவாரூர் ரயில் தடம்தான் ஞாபகம் வரும்! தவிர, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 24 கேஜ் என்றால் பின்னல் எந்திரத்தில் அங்குலத்துக்கு 24 ஊசி என்று பொருள். அது எந்திரத்தின் குணம், துணியின் குணம் அல்ல. அதற்கு ‘ஊசிச்செறிவு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் பின்னல் புத்தகங்கள் இதையே ‘டென்ஷன்’ என்கின்றன. அதைப் பார்த்து ‘இழுவிசை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நூலை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறோம் என்பது காரணம். நாம் அளப்பது அதன் விளைவை. (நம்மூர் டென்ஷனும் பின்னலை இறுக்கத்தான் செய்யும், அது வேறு கதை.) எண்ணுவது கண்ணியை, அது எவ்வளவு நெருக்கம் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே ‘கண்ணிச்செறிவு’ என்பதே என் பரிந்துரை. வேதியியலில் செறிவுக்கு வேறு பொருள் உண்டு என்பது தெரியும்; கண்ணி முன்னால் நிற்கும்போது குழப்பம் வராது.

> மப்ளருக்கு இதெல்லாம் வேணுமா? கழுத்தைச் சுத்திக்கப் போறது தானே.

ஆச்சி கேட்பது நியாயம்தான். கொட்டானுக்கு (பனையோலைக் கூடைக்கு) குரோஷா உறை போடுகிறவர்கள் கொட்டான்மேலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு போவார்கள், எண்ணிக்கை தேவைப்படாது. மப்ளரும் இரண்டு செ.மீ. கூடினாலோ குறைந்தாலோ யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. செய்முறையில் 20 என்று போட்டு 25 செ.மீ. அகலத்துக்கு 50 கண்ணி ஏற்றச் சொல்லியிருந்தால், 22 வருகிற கைக்கு ஏறக்குறைய 22.7 செ.மீ. வரும், 18 வருகிற கைக்கு 27.8. நீளம் இன்னும் சுலபம், போதும் என்கிறவரை பின்ன வேண்டியதுதான். மாட்டிக்கொள்வது நூலில். கை தளர்வாக இருந்தால் துணி அகலமாகி நூலைத் தின்னும். நீளம் வருவதற்குள் உருண்டை தீர்ந்துவிடும். பிறகு கடைக்குப் போனால் அதே நிறம் கிடைக்கும், ஆனால் வேறு சாயத் தொகுதியாக, அதாவது வேறொரு தடவை சாயம் ஏற்றியதாக, இருக்கும். தைப்பூசத்துக்குப் பழநி நடக்கும்போது கட்டிக்கொள்ளவென்று பின்னியது பாதியில் வேறு சிவப்பாக மாறினால் பார்க்கிற கண்ணுக்கு நன்றாகவா இருக்கும்?

அதற்குத்தான் முதலில் சின்னதாக ஒன்று பின்னிப் பார்ப்பது. அதை ‘மாதிரித் துண்டு’ என்றால் கடையில் காட்டும் துணிச் சாம்பிள்போல இருக்கிறது. ‘பதத்துண்டு’ என்று சொல்லலாமா? ஒரு சோறு பதம் பார்த்தே பழகிய நமக்கு விளக்கம் தேவைப்படாது. 15 செ.மீ. சதுரமாவது பின்ன வேண்டும். ஓரக் கண்ணிகள் ஒழுங்காக இருக்காது என்பதால் நடுவில் 10 செ.மீ. மட்டும் எண்ணுவது, அரைக் கண்ணி வந்தால் அதையும் சேர்த்து. அதற்கு முன்னால் நனைத்து, இழுக்காமல் பரப்பிக் காயவைக்க வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். கம்பளி நூல் நனைந்ததும் தளர்ந்து அமரும். நம் வெயிலுக்குப் பருத்தி நூலில் பின்னினால் தன் எடையிலேயே தொங்கி நீளும், அதனால் பதத்துண்டைக் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டும் பார்ப்பது நல்லது. செய்முறையில் உள்ளதைவிட எண்ணிக்கை கூடினால் ஒரு அளவு பெரிய ஊசி, குறைந்தால் சின்ன ஊசி. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிக்கட்டப் பார்த்தால் நாலு வரிசையில் பழைய கையே திரும்பிவிடும்.

ஊசியை எண்ணால் சொல்லக்கூடாது என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8ஆம் எண் 4 மி.மீ.; அமெரிக்கக் கணக்கில் அதே 8 என்பது 5 மி.மீ. ஒன்றில் எண் ஏற ஏற ஊசி மெலிகிறது, மற்றதில் தடிக்கிறது. அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பும் செய்முறையை அம்மா பெட்டியில் இருக்கும் ஊசியோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

கண்ணிச்செறிவு: பின்னிக் கழுவிக் காய்ந்த துணியில் 10 செ.மீ. அகலத்தில் அமையும் கண்ணிகளின் எண்ணிக்கை. ஊசியின் மி.மீ. அளவும் பின்னல் வகையும் உடன் குறிக்கப்படும். எ.கா.: 4.5 மி.மீ. ஊசி, சாதாப் பின்னல், 20 கண்ணி.

உயரவாக்கில் எண்ணுவதை ‘வரிசைச்செறிவு’ என்று தனிப் பதிவாக வைக்கலாமா, இதிலேயே சேர்க்கலாமா? மப்ளருக்கு அது வேண்டாம், ஸ்வெட்டருக்குக் கட்டாயம் வேண்டும். தனியாக வைக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆச்சி என்ன சொல்கிறீர்கள்?