சிட்னிக்குப் புதுசா வந்தவங்களுக்கு: முதல் கோடையில கடல், வெயில், ராத்திரி ஊர் சுத்தல்

போன வாரம் வந்து இறங்கின தம்பி ஒருத்தர் கேட்டார்: "அண்ணா, ஊரே பீச்சுக்குப் போகுது. நாங்க நாலு பேரும் சனி ஞாயிறு வீட்லயே படுத்துக் கிடக்கோம். எங்க போகலாம்? ராத்திரி சிட்டிக்குப் போனா திரும்பி வர வழி இருக்கா?" பதில் எழுத எழுத நீண்டுடுச்சு. அதனால எல்லாருக்கும் சேர்த்தே போடுறேன். நான் மேற்கு சிட்னியில பெண்டில் ஹில் பக்கம் 11 வருஷமா இருக்கேன்.

முதல்ல கடல். நம்மள்ல நிறைய பேர் முழங்கால் தண்ணியில நின்னு அலையில கால் நனைச்சு வளர்ந்தவங்க, நீச்சல் தெரியாது. இங்க கூட்டத்தைப் பார்த்ததும் மார்பளவுக்குப் போயிடுறோம். பீச்சுக்குப் போனதும் கண்ணு தேட வேண்டியது சிவப்பும் மஞ்சளும் கலந்த ரெண்டு கொடி. அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இறங்கணும். கொடி இல்லாத பீச்சுல இறங்கவே வேண்டாம், எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

ஏன்னு கேட்டா, ரிப். கரைக்கு வந்த தண்ணி திரும்பிக் கடலுக்குள்ள ஓடுற நீரோட்டம் அது. பார்த்தா பயமாவே இருக்காது, அதுதான் ஆபத்து. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையும், நடுவுல ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் கருத்து, அமைதியா இருக்கும். நீச்சல் தெரியாதவன் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடமாத் தெரியும். என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. வந்து ரெண்டாவது கோடை, போண்டை பீச்சோட தெற்கு ஓரம். இடுப்பளவு தண்ணியில நின்னுட்டிருந்தேன். காலுக்கடியில மணல் சரசரன்னு உருவிக்கிட்டுப் போச்சு. கரையைப் பார்த்து நடக்கிறேன், நடக்கிறேன், கரையில விரிச்சிருந்த எங்க பச்சைத் துண்டு கிட்ட வரவே இல்ல. அப்புறம் கால் எட்டல. கையைத் தூக்கி ஆட்டினேன். லைஃப்கார்டு ஒருத்தர் பலகையில வந்து சேர்ந்து, அதை இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லி இழுத்துட்டு வந்தார். அந்த இடத்துல இருக்கிற ரிப்புக்கு "பேக்பேக்கர்ஸ் எக்ஸ்பிரஸ்"னே பேர் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்ல இறங்கி நேரா தண்ணிக்குப் போற வெளியூர்க்காரங்க அங்கதான் மாட்டுவாங்களாம்.

மாட்டிக்கிட்டா கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீங்க, மூச்சு வாங்கிடும். பதறாம மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்க. நல்லா நீந்தத் தெரிஞ்சவங்க கரைக்கு இணையா, அலை உடையுற பக்கமாப் போகலாம். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி நீலச் சட்டை லைஃப்கார்டுகிட்டயோ, சிவப்பு மஞ்சள் உடுப்புல நிக்கிற தன்னார்வலர்கள்கிட்டயோ "இன்னைக்கு எங்க இறங்கலாம்?"னு கேளுங்க. முகம் சுளிக்காம காட்டுவாங்க.

நீச்சல் தெரியாட்டி ஆசையை விட வேண்டாம். பாறையில கட்டின கடல்நீர்க் குளங்கள் நிறைய இருக்கு. பிரான்ட்டியில இருக்கிறது இலவசம். கூஜியில மக்கைவர்ஸ் லேடீஸ் பாத்ஸ் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும். கூச்சப்படுற அக்கா தங்கச்சிகளைத் தாராளமா அனுப்பலாம். மேற்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு லேக் பாரமட்டா பக்கத்துலயே இருக்கு, கோடையில லைஃப்கார்டு காவலும் உண்டு. முழுக்கை ராஷ் வெஸ்ட் (தண்ணியில போடுற இறுக்கமான மேல்சட்டை) போட்டுக்குங்க, யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க. சல்வாரும் ஜீன்ஸும் மட்டும் வேண்டாம், நனைஞ்சா இழுக்கும். குழந்தை இருக்கிற வீடுன்னா, அப்பா அம்மாவும் கவுன்சில் நீச்சல்குளத்துல பெரியவங்க வகுப்புல சேருங்க. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

வடகிழக்குக் காத்து அடிக்கிற நாள்ல ப்ளூபாட்டில்னு ஜெல்லி மீன் மாதிரி கொட்டுற ஒரு கடல் உயிரி கரை ஒதுங்கும். நீல பலூன் மாதிரி இருக்கும், பசங்க ஆசையா எடுப்பாங்க. கொட்டினா ஒட்டியிருக்கிற இழையை எடுத்துட்டு, கடல் தண்ணியில கழுவி, தாங்குற அளவு சுடுதண்ணியில 20 நிமிஷம் வைக்கணும். வினிகர் இதுக்கு வேண்டாம்.

அடுத்து வெயில். "நம்ம தோலுக்கு சன்ஸ்கிரீன் எதுக்கு?"ன்னு நானும் கேட்டவன்தான். நம்ம தோல் வெள்ளைக்காரங்க தோலைவிடத் தாங்கும், ஆனா அதுவும் எரியும், கண்ணும் கெடும். இங்க பார்க்க வேண்டியது சூடு இல்ல, யூவி (புற ஊதாக் கதிர்) அளவு. 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேணும்னு சொல்றாங்க, கோடை மதியத்துல அது 11-ஐத் தாண்டிப் போகும். மேகமூட்டமா, குளுகுளுன்னு இருக்கிற நாள்லயும் ஏறும். வெளிய போறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி பூசுங்க, 2 மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடியும். மேற்கே இருக்கிறவங்க சூட்டையும் சேர்த்துப் பார்க்கணும். 2020 ஜனவரி 4-ம் தேதி பென்ரித்துல 48.9 டிகிரி அடிச்சது. அந்த மாதிரி நாள்ல நடைப்பயணமே வேண்டாம்.

நடக்கப் பிடிச்சவங்களுக்கு போண்டையிலிருந்து கூஜி வரை 6 கிலோமீட்டர், கடலோரப் பாறை மேலேயே பாதை. ஸ்பிட் பாலத்துலேர்ந்து மேன்லி 10 கிலோமீட்டர், நிழல் அதிகம். சிட்டியில இருக்கிற சர்க்குலர் கீ படகுத்துறையிலிருந்து மேன்லிக்கு ஃபெர்ரியில சாயங்காலம் ஒருக்கா போயிட்டு வாங்க. அரை மணி நேரம்தான். ஓபல் கார்டு (பஸ், ரயில், ஃபெர்ரிக்கான பயண அட்டை) எடுக்காட்டியும் பேங்க் கார்டையே தட்டி ஏறலாம்.

ஆனா நம்மாளுங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஹெலன்ஸ்பர்க். 1985-ல திறந்த வெங்கடேஸ்வரர் கோயில், ராயல் தேசியப் பூங்காவோட தெற்கு ஓரத்துல, மரங்களுக்கு நடுவுல. பெரும்பாலானவங்க சாமி கும்பிட்டு, கேண்டீன்ல சாப்பிட்டு, அப்படியே காரைத் திருப்பிடுறாங்க. எனக்கு அது மனசு ஆறாது. இன்னும் கொஞ்ச தூரம் கீழ போனா பால்ட் ஹில். மேல நின்னு பார்த்தா கரையும் மலையும் கடலும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு தெற்கே நீளும். ஹேங் கிளைடர்ல ஆளுங்க நம்ம கண்ணுக்கு நேரா மிதப்பாங்க. கீழே ஸ்டான்வெல் பார்க் கடற்கரையிலதான் 1894-ல பறக்கும் ஆராய்ச்சி பண்ணின லாரன்ஸ் ஹார்க்ரேவ் நாலு பெட்டிப் பட்டங்களைக் கட்டி, அந்தக் காத்துலயே தரையிலிருந்து 16 அடி உயர்ந்தார். அங்கிருந்து சீ கிளிஃப் பாலம். 665 மீட்டர், மலையை விட்டு விலகிக் கடலுக்கு மேலேயே வளைஞ்சு போகும். காரை ஓரமா நிறுத்திட்டு நடந்தே கடங்க, தனி நடைபாதை இருக்கு.

பூங்காவுக்குள்ள இருக்கிற ஃபிகர் எயிட் பூல்ஸ்ங்கிற கடலோரப் பாறைக் குளங்கள் படத்துல அழகா இருக்கும். திடீர்னு வர்ற அலை ஆளைப் பாறையில உருட்டியிருக்கு. அலை நிலவரம் பார்க்காம போகாதீங்க.

இப்ப ராத்திரி விஷயம். "சிட்னியில ராத்திரி ஒண்ணும் இல்ல"ன்னு பழைய ஆளுங்க சொன்னா, அது 2014 சட்டத்தை மனசுல வெச்சு சொல்றது. நடு சிட்டியில 1.30-க்கு மேல புதுசா யாரையும் உள்ள விடக் கூடாது, 3 மணிக்கு மது நிறுத்தணும்னு இருந்துச்சு. சிட்டியில 2020-லயும், கிங்ஸ் கிராஸ்ல 2021-லயும் அதை எடுத்துட்டாங்க. பாட்டுக் கச்சேரி கேட்கணும்னா நியூடவுன், என்மோர் ரோடு. குடும்பத்தோட சாப்பிட்டு நடக்கணும்னா பாரமட்டா சர்ச் ஸ்ட்ரீட், இல்ல சைனாடவுன்.

பப் வாசல்ல அடையாள அட்டை கேட்பாங்க, வயசு முப்பதா இருந்தாலும். பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு அலையாதீங்க, தொலைஞ்சா பெரும் பாடு. லைசென்ஸ் இல்லாதவங்க நியூ சவுத் வேல்ஸ் போட்டோ கார்டு எடுத்துக்கலாம். ஆபீஸ்காரங்களோட போனா "ஷவுட்"னு ஒண்ணு வரும், ஆளாளுக்கு ஒரு சுத்து எல்லாருக்கும் வாங்குறது. உங்களுக்கு ஒருத்தர் வாங்கினா, உங்க முறையை மறக்காதீங்க. குடிக்காதவங்க தயங்காம சோடாவும் லைமும் கேளுங்க, யாரும் வற்புறுத்த மாட்டாங்க. லெமன் லைம் பிட்டர்ஸ்ங்கிற பானத்துல மட்டும் பிட்டர்ஸ் வழியா கொஞ்சம் ஆல்கஹால் சேரும். துளியும் வேண்டாம்னு இருக்கிறவங்க கவனிச்சுக்குங்க.

குடிச்சிட்டு வண்டி எடுக்கிறது அறவே கூடாது. முழு லைசென்ஸுக்கு ரத்தத்துல ஆல்கஹால் அளவு 0.05-க்குக் கீழ இருக்கணும், எல், பி தகடு வெச்சிருக்கிறவங்களுக்கு (வண்டி பழகுறவங்க, புது லைசென்ஸ்காரங்க) பூஜ்யம். 1982-லிருந்தே போலீஸ் எந்தக் காரணமும் இல்லாம நிறுத்தி ஊதச் சொல்லலாம். மறுநாள் காலையிலயும் ஊத வைப்பாங்க.

திரும்பி வர வழி இருக்கு தம்பி. நள்ளிரவு தாண்டினா ரயில் நின்னுடும், அப்புறம் என்-னு தொடங்குற நைட்ரைட் பஸ்கள் ஓடும். மெதுவாத்தான் வரும், ஆனா வீடு சேர்க்கும். கிளம்புறதுக்கு முன்னாடியே எந்த எண், எந்த ஸ்டாப்னு பார்த்து வெச்சுக்குங்க. ராத்திரி ரயில்ல தனியா வர்ற பெண்கள், வெளிய நீல விளக்கு எரியுற பெட்டியில ஏறுங்க, ரயிலோட கார்டு (guard) அங்கதான் இருப்பார். ஆபத்துன்னா 000.

வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க ஹெலன்ஸ்பர்க் போறோம். காலையில 8 மணிக்குக் கிளம்புறோம், வண்டியில ரெண்டு இடம் காலி. தொப்பியும் தண்ணி பாட்டிலும் எடுத்துட்டு வாங்க.