மறு: பழைய ரேக்கு வாங்கலாமா? பெயின்டை விடு, கம்பியை எண்ணு

எல்லோருக்கும் வணக்கம்.

சார்ஜா தம்பி கேட்டு இரண்டு வாரம் ஆகிறது. மகரக் கொய்த்து, அதாவது தை மாத அறுப்பு, நடந்துகொண்டிருந்ததால் பதில் போட முடியவில்லை. அறுப்பு வண்டி இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சாலையைப் பார்த்தே பத்து நாள் போனது. வந்த பிறகு மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. இப்போதும் கழுத்தில் சுணை அரிக்கிறது, சொறிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அவன் கேட்டது இதுதான்: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் அண்ணன் பார்த்துக்கொள்ளும் நாலு ஏக்கருக்கு, இருக்கிற சின்ன டிராக்டரில் மாட்டுகிற மாதிரி பழைய வைக்கோல் ரேக்கு (சிதறிய வைக்கோலைக் கூட்டும் மிஷின்) ஒன்று பொள்ளாச்சிப் பக்கம் நிற்கிறது, வாங்கலாமா? அதற்குக் கனடா மாமா, அங்கே பண்ணைக்குப் பண்ணை சும்மா கிடக்கும், நீளச் சட்டங்களில் பல் வைத்த பார் ரேக்கு ஒன்றைக் கன்டெய்னரில் ஏற்றிவிடட்டுமா என்று கேட்டிருந்தார்.

ஊரை விட்டுப் போய் இருபது வருஷம் ஆனவர்களுக்கு, வைக்கோலைக் கூட்ட மிஷினா என்று தோன்றும். நாம் பார்த்தது அரிவாள் அறுப்பு. கட்டாகக் கட்டி, களத்தில் அடித்து, அப்படியே போர் போட்டுவிடுவோம். வைக்கோல் வயலில் சிதறிக் கிடக்கிற பேச்சே இல்லை. இப்போது வண்டி நெல்லை வைத்துக்கொண்டு வைக்கோலைப் பின்னால் துப்பிவிட்டுப் போகிறது. திரும்பும்போது அதன் பெல்ட்டே பாதியை மிதித்துவிடும். கன்னிக் கொய்த்தில் (புரட்டாசி அறுப்பில்) மழை வேறு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், புரட்டினால் அடியில் கறுத்து வேர்த்துக் கிடக்கும். அதை அப்படியே உருட்டிக் கட்டினால் நாலு நாளில் உள்ளே கை வைக்க முடியாமல் சுடும், பிறகு பூஞ்சணம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும், அப்புறம்தான் கட்டு. ரேக்கு அதைப் புரட்டிக் காயவைக்கும், சிதறியதை ஒரே வரிசையாகச் சேர்க்கும்.

அந்த வரிசையின் அகலம் முக்கியம். நம் பக்கம் வாடகைக்கு வரும் சின்ன பேலரின் (வைக்கோலை உருளையாகக் கட்டும் மிஷின்) வாய் ஒரு மீட்டருக்கு முன்பின்தான். வரிசை அதைவிட அகலமாக இருந்தால் ஓரத்தில் விட்டுவிட்டுப் போகும். ரொம்ப ஒடுங்கி இருந்தால் உருளை நடுவில் பருத்து இரண்டு ஓரமும் தொளதொளவென்று வரும், தூக்கும்போதே அவிழ்ந்துவிடும். ஆகவே ரேக்கு எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால், நமக்குக் கட்ட வருகிறவனின் பேலரை ஒரு தடவை அளந்துகொள்.

மாமா, உங்கள் பார் ரேக்கு நல்ல சாமான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே நீங்கள் கூட்டுவது குதிரைமசால் என்ற தீவனப் பயிர். அதன் சத்தெல்லாம் இலையில். காய்ந்துபோன பிறகு முரட்டுத்தனமாகக் கிளறினால் இலை உதிர்ந்து குச்சிதான் மிஞ்சும். அதனால்தான் அங்கே பனி ஈரம் இருக்கும்போதே, மெதுவாகக் கையாளும் ரேக்கால் கூட்டுகிறார்கள். நம் வைக்கோலில் உதிர்வதற்கு என்ன இருக்கிறது? இங்கே நாசூக்குக்கு வேலையே இல்லை. தவிர, பின்னால் இழுத்துக்கொண்டு போகிற அந்த நீளச் சாமானை நம் அரை ஏக்கர் வயலில் திருப்பினால் வரப்பில் ஏறித்தான் திரும்ப வேண்டும். ஒரு ரப்பர் புஷ் போனால் அதையும் நீங்கள்தான் தபாலில் அனுப்ப வேண்டும்.

பிடிஓ-வில், அதாவது டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில், சுற்றும் ரோட்டரி ரேக்கு மண் சேராமல் சுத்தமாகக் கூட்டும். புதிதாக வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். பழசில் கியர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

மிச்சம் இருப்பது சக்கர ரேக்கு. தம்பி அனுப்பிய படத்தில் இருப்பதும் அதுதான், நாலு சக்கரம். கியரும் இல்லை, பிடிஓ-வும் வேண்டாம். சுற்றிலும் கம்பி வைத்த பெரிய சக்கரங்கள் சாய்வாக நிற்கும். டிராக்டர் நகர்ந்தால் தரையும் வைக்கோலும் உரசித் தானே சுற்றும், ஒரு சக்கரம் அடுத்ததற்குத் தள்ளிக்கொண்டே போகும். 20 குதிரைத்திறன் வண்டி தாராளமாகப் போதும். 1948இல் ஹாலந்தில் லேலி என்ற சகோதரர்கள் கம்பெனி தொடங்கியதே இந்தச் சாமானை வைத்துத்தான். இன்றைக்கு அதே கம்பெனி பால் கறக்கும் ரோபோ விற்கிறது. நாம் இன்னும் 1948இல் நிற்கிறோம், பரவாயில்லை, நமக்கு அது போதும். இதிலும் குறை உண்டு: வைக்கோலைக் கயிறு மாதிரி முறுக்கும், அழுத்தம் அதிகமானால் மண்ணையும் கல்லையும் சேர்த்துக் கொண்டுவரும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

மஸ்கட்டிலிருந்து திரும்பிய வருஷம் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் சக்கர ரேக்கு வாங்கினேன். பளபளவென்று சிவப்பு பெயின்ட். கிரீஸ் ஏற்றும் நிப்பிள் மேலேயும் பெயின்ட் இருந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வருஷக்கணக்கில் அதில் கிரீஸ் துப்பாக்கியே வைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? மூன்றாம் நாள் ஒரு சக்கரம் சுற்ற மறுத்தது. சுற்றாத சக்கரம் தரையில் இழுபட்டுக்கொண்டே போக, கம்பிகள் முனை முனையாக ஒடிந்தன. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. வைக்கோல் கூடுகிறதா, கூடுகிறது, போ என்று ஓட்டிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அம்மாவின் செவலைப் பசு தீனியை ஒதுக்கியது. முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால் முட்டிகளை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கட்டுத்தரையிலிருந்து இறக்கத்தில் இறங்கும்போது முனகும். டாக்டர் வந்து முதுகை அமுக்கிப் பார்த்த உடனே "கம்பி" என்றார். மாடு நம்மைப் போல மென்று பார்த்து விழுங்குவதில்லை. உள்ளே போன இரும்பு, தேன்கூடு மாதிரி இருக்கும் இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். அது சுருங்கும் ஒவ்வொரு தடவையும் முன்னால் குத்தும். அதற்கும் இதயத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய தடுப்புத்தான். காந்தம் விழுங்க வைத்தார், ஊசி போட்டார். பிழைக்கவில்லை. அறுத்துப் பார்க்க அம்மா விடவில்லை, அதனால் அது ரேக்குக் கம்பிதானா, எங்கேயோ கிடந்த ஆணியா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்று இரவு டார்ச் அடித்து எண்ணினேன். சக்கரத்துக்கு 40 கம்பி. அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் ஏழுக்கு முனை இல்லை.

ஆகவே தம்பி, உன் அண்ணன் போகும்போது ஒரு ஜாக்கி கொண்டுபோகட்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது. பிறகு கையால் சுற்றிவிட்டுக் காதைக் கிட்டே வைத்தால், நல்ல பேரிங் சத்தமில்லாமல் ஓடும், கெட்டது மணல் அரைக்கும். பேரிங்கை மாற்றிவிடலாம், அது பெரிய செலவில்லை. விலையில் அதைக் கழிக்கச் சொல். அப்புறம் கம்பி. வளைந்தது ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. ஒரே சக்கரத்தில் அடுத்தடுத்து நாலைந்து ஒடிந்திருந்தால் அந்தச் சக்கரம் எங்கேயோ நின்று இழுபட்டிருக்கிறது. கம்பிகளில் ஒன்றைக் கழற்றி, அதே அளவு கோயம்புத்தூரில் கிடைக்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

சக்கரத்தைத் தாங்கும் கைகள் சட்டத்தோடு சேரும் இடத்தில் வெல்டைப் பார்க்கணும். கம்பெனி வெல்டு சீராக இருக்கும். பட்டறையில் வைத்தது எறும்புப் புற்று மாதிரி தெரியும். டிராக்டரோடு மாட்டும் பின் நுழைகிற ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறதா என்றும் விரலை விட்டுப் பார்க்கணும். டிராக்டரின் கீழ் லிங்க் பின்னைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது. சின்ன வண்டிக்கு 22 மில்லிமீட்டர், பெரிய வண்டிக்கு 28 மில்லிமீட்டர். பெரிய வண்டிக்கான ரேக்கை நம் சின்ன வண்டியில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் ஆடுகிறது என்று புலம்பியவர்கள் இங்கேயே இரண்டு பேர்.

இன்னொன்று, நம் மண். கேரளத்தில் வேறெங்கும் இல்லாத கரிசல் நம் சித்தூர் தாலுகாவில்தான் இருக்கிறது. மகரத்தில் தண்ணீர் வடிந்ததும் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ரேக்குச் சக்கரத்தை அழுத்தி இறக்கினால் கம்பி அந்த வெடிப்பில் மாட்டி ஒடியாமல் என்ன செய்யும்? ஸ்பிரிங்கைத் தளர்த்தி, முனை தரையை உரசுகிற அளவுக்கு வைத்தால் போதும். கொஞ்சம் வைக்கோல் மிச்சம் கிடக்கட்டும், மண்ணுக்கு ஆகும். காற்றையும் கவனிக்கணும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்பிவிட்டால் கூட்டின வரிசை பக்கத்து வயலுக்குப் போய்விடும். நான் விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன்.

அரசு மானியம் புது சாமானுக்குத்தான், பழசுக்குக் கிடையாது. அதனால் மானியம் போக என்ன விலை வரும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேரம் பேசு. அதில் பாதிக்கு மேல் கேட்டால் விட்டுவிடு.

நான் இப்போதும் அந்தச் சிவப்பு ரேக்கைத்தான் ஓட்டுகிறேன். பேரிங் எல்லாம் புதிது, கம்பி எல்லாம் புதிது. வயலில் இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணுகிறேன். ஒன்று குறைந்தால் அந்த வரிசையைக் கட்டவிடுவதில்லை, காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துத் தேடுவேன். வேலைக்கு வருகிற பையன்கள் சிரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன் தம்பி. அண்ணனிடம் சொல், கோபாலபுரம் வழியாகச் சேர்ந்தே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஜாக்கி என்னிடம் இருக்கிறது.